பதினோரு மீனும் ஒரு கம்பவுண்டரும்

பேசாத குழந்தையைப் பேச வைக்கிற தொழிலில், முதலில் வாயை மூடிக்கொள்ளப் பழக வேண்டியவர் அந்தத் தொழிலைச் செய்கிறவர்தான். பம்பாயில் படிக்கும்போதே இதைச் சொல்லிக் கொடுத்தார்கள். பழக எனக்கு இருபது வருஷம் ஆனது.

ஒரு சொல்லுக்காகக் காத்துக் கிடந்தவர்கள் யாராக இருந்தாலும் என் பாடு புரியும். அது குழந்தையின் வாயிலிருந்து வர வேண்டியதாக இருக்கலாம். பெண் பார்த்துவிட்டுப் போன வீட்டிலிருந்து வர வேண்டியதாக இருக்கலாம். தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவிடமிருந்து வர வேண்டியதாகவும் இருக்கலாம். காத்திருக்கிறவர்கள் எல்லாரும் எனக்கு உறவு. இதை அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

திண்டிவனத்தில் எட்டாவது வரைக்கும் தமிழில் படித்தேன். மிச்சத்தை பம்பாயில் இங்கிலீஷில் படித்து, அங்கேயே வேலையும் பார்த்துவிட்டு, எண்பதுகளின் தொடக்கத்தில் ஊர் திரும்பினேன். குழந்தை டாக்டர் ஒருவர் தம் கிளினிக்கின் பின்னறையை ஒழித்துக் கொடுத்தார். அவருக்குத் திண்டிவனத்தில் ஒரு கிளினிக், விழுப்புரத்தில் ஒன்று. நானும் வாரத்தில் நான்கு நாள் இங்கே, இரண்டு நாள் அங்கே. இப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது. இன்னும் பின்னறையில்தான் இருக்கிறேன்.

போர்டு

டாக்டர் வாசலில் ஒரு போர்டு எழுதி மாட்டினார்: ‘இங்கு பேச்சுப் பயிற்சி அளிக்கப்படும்.’ முதல் வாரம் வந்தவர்கள் கரை வேட்டி கட்டின இரண்டு இளைஞர்கள். மேடை ஏறினால் கை நடுங்குகிறதாம், பொதுக்கூட்டத்துக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறதாம். இது அந்தப் பேச்சு இல்லை என்று சொல்லி அனுப்பவே அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணியில் நான் பேசியது ஐந்து நிமிஷம் இருக்கும்.

அடுத்து ஓமந்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி, ஐந்து வயது மகளோடு வந்தார். உட்கார்ந்ததிலிருந்து அந்தப் பெண் பேசிக்கொண்டே இருந்தாள். ஃபேன், என் மூக்குத்தி, பஸ்ஸில் வாந்தி எடுத்தவர், அவர் காலையில் என்ன சாப்பிட்டிருப்பார் என்பது வரைக்கும். இவளுக்கு என்ன குறை என்று கேட்டேன். குறை ஒன்றும் இல்லை, கொஞ்சம் அதிகம், தூக்கத்தில்கூட நிற்பதில்லை என்றார். நான் பேசாத பிள்ளைகளைப் பேச வைக்கிறவள் என்று விளக்கிச் சொன்னேன். அவர் எழுந்திருக்கவில்லை.

“மோட்டாரு போடத் தெரிஞ்சவங்களுக்கு நிறுத்தவும் தெரிஞ்சிருக்கணும் இல்லீங்களா?”

ஒரே டம்ளர்

விழுப்புரம் கிளினிக்குக்கு கெடாரிலிருந்து செல்வி வருவாள். இரண்டே முக்கால் வயது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற குடும்பம். ஒரு மாதம் மல்லுக்கட்டி ‘டம்ளர்’ என்ற சொல்லை அவளிடம் கொண்டு சேர்த்தேன். ‘டம்ம’ என்று சொன்ன அன்றைக்கு நான் குதிக்காத குறைதான். மறுவாரம் அவள் அம்மா வந்து, வீட்டில் எந்த டம்ளரைக் காட்டினாலும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள் என்றாள். யோசித்துப் பார்த்தால் செல்வி செய்தது சரி. நாய்க்கு மணி என்று பேர் வைத்தால் அது அந்த நாய்க்கு மட்டும்தானே? அப்படி என் மேஜை மேல் இருந்த அந்த ஒரு டம்ளரின் பேர் டம்ளர்.

பேச்சு சீக்கிரம் வந்துவிடுகிற குழந்தைகள், சொற்கள் கொஞ்சம் சேர்ந்ததும் உருவத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். இந்த வடிவத்தில் இருப்பதெல்லாம் டம்ளர், முடிந்தது. தாமதமாகிறவர்களில் பலர் வேறு எதையாவது பிடித்துக்கொள்கிறார்கள். நிறம், மினுமினுப்பு, யார் கையில் இருந்தது, அப்போது என்ன நடந்தது. அதனால் விதவிதமாக ஏழு டம்ளர் வரிசையாக வைத்தேன்: எவர்சில்வர், பித்தளை, அலுமினியம், கண்ணாடி, பிளாஸ்டிக்கில் மூன்று நிறம். செல்வி மூன்று வாரம் யோசித்தாள். பிறகு எவர்சில்வர் டம்ளரைத் தொட்டு ‘டம்ம’ என்றாள். கரண்டியைத் தொட்டு ‘டம்ம’ என்றாள். பிளாஸ்டிக்கைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த நேரம் பார்த்து டாக்டர் எட்டிப் பார்த்தார். எண்ணெய் தேய்த்துக் குளித்த வழுக்கைத் தலை. செல்வி விரலை நீட்டி, அன்றைக்கு இருந்ததிலேயே தெளிவாக, ‘டம்ம’ என்றாள்.

டாக்டர் தலையைத் தடவிக்கொண்டார். “டம்ளர்னா தண்ணி நிக்கணும்மா. எனக்கு எண்ணெயே நிக்க மாட்டேங்குது.”

முறை செய்த டம்ளர்

அதற்கப்புறம் ஒரு ஏற்பாடு செய்தேன். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு டம்ளர் இரவல் வாங்குவது. ஒன்றைப் போல் ஒன்று இருக்கக் கூடாது. அதில் ஐந்தைப் பையில் போட்டு ஒரு வீட்டுக்கு அனுப்புவது, அடுத்த வாரம் வேறு ஐந்து. திண்டிவனத்து டம்ளர் விழுப்புரம் போகும், விழுப்புரத்து டம்ளர் இங்கே வரும். எனக்கு டம்ளரின் வடிவம் மட்டும்தான் கண்ணில் பட்டது. நம் ஊர்ப் பாத்திரங்களில் யார் யாருக்கு எந்த விசேஷத்துக்கு வைத்தது என்று பேர் வெட்டியிருக்கும் என்பது இருபது வருஷ பம்பாயில் மறந்தே போயிருந்தது.

செல்வியின் அம்மா ஒரு நாள் பையைப் பிரித்து, ஒரு டம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். அவளும் அவள் புருஷனும், திண்டிவனத்தில் கட்டிக் கொடுத்த நாத்தனாரின் மகனுக்குக் காது குத்தின அன்று வைத்த டம்ளர். செல்விக்கு நாக்கு தடிப்பு, அம்மா வழி ரத்தம் என்று சொந்தக்காரர்கள் மத்தியில் சொல்லிக்கொண்டு திரிந்தவள் அந்த நாத்தனார்தானாம். அவள் மகனும் பேசவில்லை என்பதும், வியாழக்கிழமை வியாழக்கிழமை யாருக்கும் சொல்லாமல் என்னிடம் கூட்டி வருகிறாள் என்பதும் எனக்குத் தெரியும். இவளுக்கு அன்றுதான் தெரிந்தது. நான் ஏதோ ஆரம்பித்தேன். அவள் டம்ளரை முந்தானையால் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

“நீங்க ஒண்ணும் சொல்ல வேணாங்க டீச்சர். டம்ளரே எல்லாத்தையும் சொல்லிடுச்சி.”

மூன்று சுமை

அஞ்சலை முதல் தடவை வந்தது ஒரு மாசி மாதம். மரக்காணத்துக்குப் பக்கத்தில் கடலோரக் குப்பம். புருஷன் கடலுக்குப் போகிறவன். அவள் மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி திண்டிவனத்துத் தெருக்களில் விற்கிறவள். பஸ்ஸில் அவளுக்குப் பேரே கிடையாது. ‘ஏ கூடை, பின்னாடி போ’ என்பார் கண்டக்டர். தெருவில் ‘ஏ கூடை, இன்னா மீனு?’ என்பார்கள். கூடை உள்ளே வரக் கூடாது என்று கம்பவுண்டர் கஜபதி வாசலிலேயே நிறுத்திவிட்டார். சீட்டுக் கொடுப்பது, மருந்து கலக்குவது, ஊசி போடுவது, கூட்டத்தை அதட்டுவது எல்லாம் அவர்தான். அதனால் கூடை வெளியே, அஞ்சலை உள்ளே, அவள் இடுப்பில் ஏழுமலை. வயது மூன்றுக்கு இரண்டு மாதம் குறைச்சல். ஒரு வார்த்தை கிடையாது. மறைவில் நின்று மணி அடித்துப் பார்த்தேன், திரும்பினான். காது நன்றாக இருந்தது.

அம்மா என்றுகூடக் கூப்பிடுவதில்லையா என்று கேட்டேன். இல்லை என்றாள். நாளெல்லாம் இடுப்பில் இருக்கிறவன், எதற்குக் கூப்பிட வேண்டும்? அவளுக்கு அது பெரிய கவலையாகவும் இல்லை. கவலை வேறு. குப்பத்துப் பால்வாடி ஆயா அவனைச் சேர்க்க மாட்டேன் என்றுவிட்டாள். முப்பது பிள்ளைகளுக்கு அவள் ஒருத்தி, வாசலில் இறங்கினால் கடல்; வாய் திறக்காத பிள்ளையை எப்படிப் பார்ப்பது? தண்ணி, சோறு, ஒண்ணுக்கு, இந்த மூன்றும் சொன்னால் சித்திரையில் பேர் எழுதுகிறேன் என்றிருந்தாள். அஞ்சலைக்கு அப்போது நான்கு மாதம். சித்திரைக்குள் மூன்று வார்த்தை வருமா என்று கேட்டாள். எந்தக் குழந்தைக்கும் நாள் குறித்துச் சொல்ல முடியாது என்றேன். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

“தலையில ஒண்ணு, இடுப்புல ஒண்ணு, வவுத்துல ஒண்ணுங்க. மூணுல ஒண்ணையாவது எறக்கி வெக்கணும்.”

அட்டை

என்னிடம் பம்பாயிலிருந்து கொண்டுவந்த படஅட்டைகள் ஒரு பெட்டி இருந்தன. கடலோரப் பிள்ளை என்பதால் மீன் அட்டையை எடுத்தேன். நீல நிறத்தில், கொழுகொழுவென்று, சிரிக்கிற மீன். ‘மீன், மீன்’ என்று ஐந்து வாரம் சொன்னேன். ஏழுமலை அட்டையைப் பார்ப்பான், என்னைப் பார்ப்பான், தன் கால் கட்டைவிரலைப் பார்ப்பான். தண்ணியும் நடக்கவில்லை, சோறும் நடக்கவில்லை. வீட்டில் மீனைக் காட்டி மீன் என்று சொல்லிக்கொண்டே இருங்கள் என்று அஞ்சலையிடம் சொன்னேன். அவள் என்னவோ கேட்க வந்து, கேட்காமல் விட்டுவிட்டாள். நோட்டில் ‘சொல் எதுவும் இல்லை’ என்று எழுதினேன். பங்குனி பாதி முடிந்திருந்தது. இப்படி எழுதின அன்று வீட்டில் சோறு இறங்காது என்பது உங்களில் இந்தத் தொழில் செய்கிறவர்களுக்குத் தெரியும்.

சாயங்காலம் பெட்டியை மூடும்போது கஜபதி வந்து நின்றார். “அவன் ஒங்க அட்டையப் பாக்கல மேடம். இந்தம்மா எப்பதான் நிறுத்தும்னு ஒங்களப் பாத்துக்கினு இருக்கறான்.”

கூடை உள்ளே வந்தது

ஒரு நாள் பஸ் கெட்டுப்போய் அஞ்சலை நேரம் கழித்து வந்தாள். ஒரு தெருகூட விற்கவில்லை, கூடை நிறைய மீன், வெளியே வெயில் கொளுத்தியது. கஜபதி ஊசி போட்டுக்கொண்டிருந்ததால் கூடை அவரைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. நான் அஞ்சலையிடம் பேசிக்கொண்டிருந்தேன். ஏழுமலை கூடைக்குப் பக்கத்தில் குந்தி, விரலால் தொட்டுத் தொட்டு ஏதோ முனகினான். ‘சங்’, ‘நெத்தி’, ‘கவ’. குழந்தைகள் சும்மா உளறுவார்கள். மறுபடி முனகினான். அதே சத்தம், அதே இடத்தில். பென்சிலை எடுத்தேன். மீன்களை இடம் மாற்றி வைத்தேன். அவன் விரல் மாறிப் போனது, சத்தம் மாறவில்லை. ‘சங்’ சங்கரா. ‘நெத்தி’ நெத்திலி. ‘கவ’ கவளை. ‘கெளு’ கெளுத்தி. ‘றா’ எறா. ‘ணவா’ கணவா. இப்படி இன்னும் ஐந்து. எறாவையும் கணவாவையும் மீன் கணக்கில் சேர்த்தால் மொத்தம் பதினொன்று. நானே அதில் நான்குக்குப் பேர் தெரியாமல் அஞ்சலையிடம் கேட்டு எழுதினேன்.

இவன் பேசுகிறானே, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் அதைப் பேச்சாகவே நினைக்கவில்லை. பேச்சு என்றால் அம்மா, அப்பா, மாமா. இது மீன் பேர்தானே என்றாள். அப்புறம், ஐந்து வாரமாக நெஞ்சில் இருந்ததைக் கேட்டேவிட்டாள்.

“எங்க ஊட்ல யாருங்க மீனுன்னு சொல்லுவாங்க? மீனுன்னா எந்த மீனுங்க?”

கெளுத்தி

நடுவில் ஏழுமலைக்கு ஜுரம் வந்து, கஜபதி ஊசி போட்டார். அடுத்த தடவை அவரைக் கண்டதுமே அவன் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ‘கெளு’ என்றான். அஞ்சலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கெளுத்தி மீனுக்கு இரண்டு பக்கமும் நீள மீசை தொங்கும். கஜபதிக்கும் அப்படித்தான். அவருக்கு உள்ளூரச் சந்தோஷம். மீசையைப் பார்த்துத்தான் சொல்கிறான், புத்திசாலிப் பிள்ளை என்றார். ஆனால் கெளுத்திக்கு முள்ளும் உண்டு. அது குத்தினால் பெரிய ஆளே சுருண்டு படுத்துவிடுவான்.

எது என்று தெரிய வேண்டாமா? காத்திருந்த கூட்டத்தில் நல்ல மீசைக்காரர் ஒருவரைக் கெஞ்சி உள்ளே உட்கார வைத்தேன். ஏழுமலை பேசாமல் இருந்தான். கிண்ணத்தில் ஊசியை மட்டும் வைத்துக் காட்டினேன். ‘கெளு.’ அஞ்சலையின் வளையலில் கோத்திருந்த ஊக்கைக் காட்டினேன். ‘கெளு.’ ஆக அவன் ஒன்றன் உருவத்தைப் பார்ப்பதில்லை, அது என்ன செய்கிறது என்று பார்க்கிறான். ஒன்றுமே செய்யாத என் நீல மீனுக்கு எதற்குப் பேர் சொல்வான்? இதைச் சந்தோஷமாக கஜபதியிடம் விளக்கினேன். அவர் முகம் விழுந்துவிட்டது.

“அப்ப மீசைக்கு மரியாத இல்லன்றீங்க.”

பாய்

அதிலிருந்து அட்டைப் பெட்டியை ஒதுக்கிவிட்டு, அவன் எதை எங்கே சொல்கிறான் என்று மட்டும் எழுதினேன். என் டிபன் பாக்ஸைத் திறந்தால் ‘நெத்தி’ என்பான். உள்ளே இருந்தது தயிர்சாதம். அவன் வீட்டில் சோறு என்றால் நெத்திலிக் குழம்புச் சோறு என்று புரிந்தது. சரி, மூன்றில் ஒன்று வந்தாயிற்று. ஆனால் ‘ணவா’ மட்டும் பிடிபடவில்லை. கூடையில் கணவா இல்லாத நாளிலும், கூடையே இல்லாத நாளிலும், கதவைப் பார்த்துக்கொண்டு ‘ணவா’ என்பான். நான்கு தடவை நோட்டில் ‘தவறு’ என்று எழுதினேன்.

அந்த நான்கு நாளும் அவன் உட்கார்ந்த பாயை கஜபதி கிணற்றடிக்கு எடுத்துப் போய் அலச வேண்டியிருந்தது. நான்காவது தடவை பாயை உதறிக்கொண்டே சொன்னார்: “பதினோரு மீனு பேரு தெரியுது. ஒண்ணுக்குன்னு ஒரு வார்த்த சொல்லத் தெரியல. ஒரே பேஜாரு மேடம்.”

பால்வாடி

சித்திரை வந்துவிட்டது. அஞ்சலைக்கு வயிறு நன்றாகத் தெரிந்தது. பேர் எழுதுகிற அன்று நானும் பஸ் ஏறிக் குப்பத்துக்குப் போனேன். ஆயாவுக்கு அந்தக் குப்பம்தான், நாற்பது வயது இருக்கும், மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் முப்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் கத்தின. ஏழுமலையை எதிரில் நிறுத்தி, தண்ணி கேளு பார்ப்போம் என்றாள். அவன் கேட்கவில்லை, நேரே பானைக்குப் போய் மொண்டு குடித்துவிட்டு வந்தான். சோறு என்றாள். அவன் கஞ்சிச் சட்டியைப் பார்த்து ‘நெத்தி’ என்றான். நான் அவசரமாக நோட்டைப் பிரித்து, இவனுக்கு நெத்திலி என்றால் சோறு என்று ஆரம்பித்தேன். எனக்குப் புரியாதா என்கிற மாதிரி கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். மூன்றாவதைக் கேட்டாள். அவன் நின்றான். அஞ்சலை என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு அவளைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. உருவம், உபயோகம் என்று நான் ஆயாவிடம் என்னென்னவோ விளக்கிக்கொண்டிருந்தேன். அப்போது ஏழுமலை அரைஞாண் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கடலைப் பார்த்து ‘ணவா’ என்றான்.

இது தவறாக வரும், கணக்கில் எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ஆயா எழுந்துவிட்டாள். அவன் கையைப் பிடித்து ஜல்தியாகப் பூவரச மரத்துக்குப் பின்னால் கூட்டிப் போனாள். மணல் நனைகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. என் பாய் நான்கு தடவை நனைந்ததும், நான் நான்கு தடவை தவறு என்று எழுதினதும் எனக்கு அந்த நிமிஷம்தான் ஒன்றாகச் சேர்ந்தன. கூட்டி வந்து விட்டுவிட்டு ஆயா என்னிடம் கேட்டாள், கோபமாகக்கூட இல்லை, பரிதாபமாக: உயிரோடு இருக்கிற கணவாவைக் கையில் எடுத்தால் என்ன செய்யும்? பீச்சியடிக்கும் என்று நானே சொல்ல வேண்டியதாயிற்று. முகத்தில் கணவா மையடித்து அழாத பிள்ளை அந்தக் கரையில் உண்டா? அவள் அஞ்சலையின் பக்கம் திரும்பினாள்.

“இவன் பேசறான்டி, டீச்சருக்குத்தான் பாஷ தெரியல. எறக்கி உட்டுட்டுப் போ.”

கண்டக்டர் வைத்த பேர்

இரண்டு வாரம் கழித்து அஞ்சலை கிளினிக் வாசலில் நின்றாள். தலையில் கூடை, இடுப்பில் யாரும் இல்லை. அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்தே நின்றாள், பழக்கம் போகவில்லை. காரப்பொடி மீன் கொண்டுவந்திருந்தாள். கஜபதியே கூடையை இறக்கி வைத்தார். பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்டோம். மூன்று நாள் அழுதானாம். நான்காம் நாள் அவள் பஸ்ஸுக்கு நடக்கும்போது, பால்வாடி வாசலிலிருந்து முதல் தடவையாக அவளைக் கூப்பிட்டானாம். இடுப்பை விட்டு இறங்கினபின் கூப்பிடத் தேவை வந்துவிட்டது. என்னவென்று கூப்பிட்டான் என்று நான் கேட்டேன். இந்தத் தடவை பென்சிலை எடுக்கவில்லை. அவளுக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

“‘கூடை’ன்னான்ங்க. கண்டக்டரு கூப்ட்டா திரும்பக்கூட மாட்டேன். இவன் கூப்ட்டதும் பஸ்ஸ உட்டுட்டுத் திரும்பி ஓடுனேன்.”

இருபத்தைந்து வருஷம் இரண்டு பாஷையில் படித்தும் பழக்கியும் எனக்குக் கிடைத்த ஞானம் இவ்வளவுதான்: குழந்தை சொன்னது தவறு என்று நோட்டில் எழுதுவதற்கு முன்னால், எதற்கும் ஒருமுறை பாயைத் தொட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது.